மூக்குக்கு ஒரு சொட்டு போதும்

கேள்வி: எனக்கு வயது 36. ஈரோட்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆறு மாதத்துக்கு முன் கூட வேலை பார்க்கும் தோழி சொன்னதால், வாசனை எண்ணெயைக் காற்றில் தூவும் ஒரு டிஃப்பியூசரும், லாவண்டர், பெப்பர்மிண்ட், யூகலிப்டஸ், எலுமிச்சை எண்ணெய்கள் அடங்கிய பெட்டியும் நாலாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். ராத்திரி படுக்கையறையில் கதவைச் சாத்தி ஏசி போட்டு, விடியும்வரை லாவண்டர் ஓடும். எனக்கு நல்ல தூக்கம் வருகிறது, மனசு லேசாக இருக்கிறது. என் கணவரோ எல்லாம் பிரமை, வெறும் வாசனைக்கு நாலாயிரம் தண்டம் என்கிறார். மகளுக்கு 5 வயது. சின்னதில் வீசிங் இருந்தது. இரண்டு மாதமாக ராத்திரியில் வறட்டு இருமல். அதற்கு நல்லது என்று தோழி சொன்னதால் யூகலிப்டஸும் இரண்டு சொட்டு சேர்க்கிறேன். மாமனார் போன வருடம் தவறியதிலிருந்து மாமியாருக்கு (67) சரியான தூக்கம் இல்லை. அவர் அறையிலும் வைத்துப் பார்த்தேன். "எனக்கு ஒரு வாசமும் தெரியலையே கண்ணு" என்று சொல்லிவிட்டார். ஒரு சொட்டை நாக்கில் விட்டால் சீக்கிரம் கேட்கும் என்கிறாள் தோழி. இந்த எண்ணெய்களுக்கு உண்மையிலேயே சக்தி உண்டா, என் கணவர் சொல்வதுபோல் பிரமைதானா? தொடரலாமா?

காது மூக்கு தொண்டை மருத்துவரின் பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் மகள். இன்று ராத்திரி படுக்கையறையில் அந்தக் கருவியை ஓடவிடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். நாக்கில் சொட்டு விடும் யோசனையையும் இன்றோடு மறந்துவிடுங்கள், வீட்டில் யாருக்குமே அது வேண்டாம். இந்த இரண்டையும் முடித்துவிட்டு மீதியை நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் இருவர் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், ஆளுக்குப் பாதி கொடுப்பேன். உங்களுக்கு மனசு லேசாவது உண்மை. அதை உங்கள் கணவர் பிரமை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அதற்கு நாலாயிரம் ரூபாயும், விடிய விடிய ஓடும் கருவியும் தேவைதானா என்று அவர் கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது.

மணம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்தால் இது புரியும். மூக்குக்குள் மேலே, இரண்டு கண்களுக்கும் நடுவே வரும் உயரத்தில், ஒரு தபால்தலை அளவுக்குச் சவ்வு இருக்கிறது. மணத்தைப் பிடிக்கும் நரம்புச் செல்கள் அங்கேதான் தலையை வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் மேல், மணத்தின் மூலக்கூறுகளைப் பிடித்துச் செய்தி சொல்லும் ஏற்பிகள் ஏறக்குறைய 400 வகை. லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1991-ல் இந்த ஏற்பிகளுக்கான மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு மணம் ஒரே ஏற்பியை மட்டும் தட்டுவதில்லை. வீணையில் சுரங்கள் சேர்வதுபோல் பல ஏற்பிகள் சேர்ந்து ஒலித்தால் அது மல்லிகை, வேறு சில சேர்ந்தால் மண்ணெண்ணெய்.

அடுத்து நடப்பதுதான் முக்கியம். கண்ணும் காதும் அனுப்பும் செய்தி மூளைக்குள் தாலமஸ் என்ற சந்திப்பில் இறங்கி, வண்டி மாறித்தான் மேலே போகும். மணத்துக்கு அந்த நிறுத்தம் கிடையாது. சல்லடைபோல் ஓட்டை உள்ள ஒரு எலும்பைக் கடந்து நேரே உள்ளே போய், அச்சம், ஆசை, நினைவு இவற்றையெல்லாம் கவனிக்கும் அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் பகுதிகளின் வாசலைத் தட்டிவிடுகிறது. அதனால்தான் ஒரு வாசனை என்னவென்று பெயர் சொல்வதற்கு முன்பே நமக்கு ஏதோ ஆகிவிடுகிறது. எனக்கு இன்றைக்கும் எங்கேயாவது மண்ணெண்ணெய் வாசம் அடித்தால் ரேஷன் கடை வரிசையும், என் கையைப் பிடித்திருந்த அப்பாவின் கையும்தான் ஞாபகம் வரும். மண்ணெண்ணெயில் மனதை அமைதிப்படுத்தும் மருந்து எதுவும் இல்லை.

ஆகவே மணத்தின் பலனில் பெரிய பங்கு நாம் பழகிவைத்ததைப் பொறுத்தது. பெருங்காயத்துக்கு ஐரோப்பியர்கள் வைத்திருக்கும் பெயர் ‘பிசாசின் சாணம்’. நமக்கு அதே வாசம் வந்தால் சாம்பார் இறக்கியாச்சு என்று வயிறு கூப்பிடும். பொருள் ஒன்றுதான், மூக்கும் ஒன்றுதான், வளர்ந்த வீடுதான் வேறு.

இது தவிர எண்ணெய்க்கு இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, முகத்தின் தொடு உணர்ச்சியைக் கொண்டுபோகும் முக்கிளை நரம்பு. வெங்காயம் நறுக்கும்போது கண் எரிவதும், புதினா எண்ணெய் ஜில்லென்று ஏறுவதும் அந்த வழியில்தான். பெப்பர்மிண்டில் உள்ள மெந்தால், குளிர் பட்டால் விழித்துக்கொள்ளும் ஏற்பியைக் குளிர் இல்லாமலே எழுப்பிவிடுகிறது. வெப்பம், குளிர், தொடுதல் இவற்றை உணரும் ஏற்பிகளைக் கண்டுபிடித்ததற்காக டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படாபூட்டியன் இருவருக்கும் 2021-ல் நோபல் கொடுத்தார்கள். குளிர் ஏற்பியைப் பிடிக்க அவர்களுக்குத் தூண்டிலாக உதவியதும் மெந்தால்தான்.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர், "தைலம் தடவினதும் மூக்கடைப்பு விட்டுப்போச்சு டாக்டர்" என்பார்கள். மெந்தாலை முகரவைத்து, மூக்கு வழியாக எவ்வளவு காற்று போகிறது என்று கருவியில் அளந்து பார்த்திருக்கிறார்கள். முன்னைக்கும் பின்னைக்கும் வித்தியாசம் இல்லை. அடைப்பு அப்படியேதான் இருக்கிறது. ஜில்லென்று உணர்வதால் காற்று நன்றாகப் போவதாக மூளை எடுத்துக்கொள்கிறது. பெரியவர்களுக்கு அந்த ஆறுதல் போதும், நிம்மதியாகத் தூங்குவார்கள். சளி கரைந்துவிட்டது என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

இன்னொரு வழி நுரையீரல். இந்த எண்ணெய்களின் மூலக்கூறுகள் சிறியவை, கொழுப்பில் கரையக்கூடியவை. மூச்சில் போனது கொஞ்சம் இரத்தத்திலும் கலக்கும். யூகலிப்டஸின் முக்கியப் பொருளான சினியோலை, முகர்ந்தவர்களின் இரத்தத்தில் அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

சரி, லாவண்டர் அமைதி தருவது இரத்தத்தில் கலப்பதாலா, மூக்கு வழியாகவா? இதற்கு ஜப்பானில் ககோஷிமா பல்கலைக்கழகத்தார் 2018-ல் ஒரு நல்ல சோதனை செய்தார்கள். லாவண்டரின் முக்கிய மணப்பொருளான லினலூலை எலிகளை முகரவைத்தார்கள். எலிகளின் பதற்றம் குறைந்தது. பிறகு முகரும் சக்தியை நீக்கிய எலிகளுக்கும் அதே காற்றைக் கொடுத்தார்கள். அவையும் அதே மூச்சைத்தான் விட்டன, ஆனால் பதற்றம் குறையவில்லை. அப்படியானால் வேலை நடந்த இடம் மூக்கு. இன்னொன்றும் பார்த்தார்கள். தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை வகையில் ஒரு பெரிய குடும்பம் மூளையில் எந்த ஏற்பியில் வேலை செய்கிறதோ, அதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது லினலூலின் பலனும் நின்றுபோனது. எலி மனிதன் இல்லைதான். ஆனாலும் உங்கள் கணவரிடம் காட்டுவதற்கு இது நல்ல சான்று.

அவருக்கும் ஒரு சான்று கொடுக்காவிட்டால் நியாயமில்லை. அமெரிக்காவில் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 56 ஆரோக்கியமான மனிதர்களைக் கூப்பிட்டு, எலுமிச்சை, லாவண்டர், வெறும் தண்ணீர் மூன்றையும் வேறு வேறு நாளில் முகரவைத்தார்கள். முடிவு 2008-ல் வெளிவந்தது. எலுமிச்சை மனநிலையைக் கொஞ்சம் தூக்கிவிட்டது. லாவண்டர் அதைக்கூடச் செய்யவில்லை. மன அழுத்த ஹார்மோனான கார்டிசால், இரத்த அழுத்தம், இதயத் துடிப்பு, தோலில் சிறு காயம் ஆறும் வேகம், வலியின் அளவு எதிலும் இரண்டு எண்ணெயுமே சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் செய்யவில்லை. தூக்கத்துக்கு லாவண்டர் உதவுகிறது என்று சொல்லும் சிறு ஆய்வுகள் நிறைய உண்டு. அவற்றில் ஒரு சிக்கல். மாத்திரை ஆய்வில் வெறும் மாவு மாத்திரையைக் கொடுத்து ஏமாற்றலாம். வாசனை ஆய்வில் எதை முகர்கிறோம் என்று முகர்கிறவருக்கே தெரிந்துவிடும். "இது தூக்கம் வரவைக்கும்" என்று கேள்விப்பட்டிருந்தால் பாதி தூக்கம் அதிலேயே வந்துவிடும்.

ஜெர்மனியில் லாவண்டர் எண்ணெயை அளவிட்டு மாத்திரையாக்கி, பதற்றத்துக்குக் கொடுத்து ஆய்வு செய்திருக்கிறார்கள், பலனும் பார்த்திருக்கிறார்கள். உங்கள் தோழி போன்றவர்கள் அந்த ஆய்வைக் காட்டித்தான் டிஃப்பியூசர் விற்பார்கள், சொட்டை நாக்கிலும் விடச் சொல்வார்கள். தரம் பார்த்து, அளவு பார்த்துச் செய்த மருந்தும் உங்கள் பெட்டியில் இருக்கும் பாட்டிலும் ஒன்றாகாது.

இப்போது விடியும்வரை ஓடும் கருவிக்கு வருகிறேன். பூக்கடைக்காரரிடம் மல்லிகை வாசம் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரே வாசத்தில் தொடர்ந்து இருந்தால் மூக்கு சில நிமிடங்களில் பழகி, "இது தெரிந்த சங்கதி" என்று செய்தி அனுப்புவதை நிறுத்திவிடும். நீங்கள் பத்து மணிக்குப் போட்ட லாவண்டர் பத்தே காலுக்குள் உங்கள் மூக்குக்குத் தெரியாமல் போயிருக்கும். அமைதி தருவது மூக்கு வழியாக என்றால், உங்கள் பலன் முடிந்த நேரமும் அதுதான். ஆனால் நுரையீரல் பழகிக்கொள்ளாது. மீதி எட்டு மணி நேரமும் மூடிய அறையில் அந்த எண்ணெய்த் துளிகளை மூன்று பேர் நுரையீரலும் வாங்கிக்கொண்டே இருக்கிறது. அதில் ஒன்று, ஏற்கெனவே வீசிங் வந்த ஐந்து வயது நுரையீரல்.

இந்தக் கருவி தண்ணீரையும் எண்ணெயையும் அதிரவைத்து மிக நுண்ணிய துளிகளாகக் காற்றில் தூவுகிறது. எண்ணெய் இயற்கையானது என்பதால் மூச்சுக்குழாய் அதை விருந்தாளியாக நடத்தாது. ஆஸ்துமா தன்மை உள்ள குழந்தைகளின் மூச்சுக்குழாய் எதற்கும் சுருங்கத் தயாராக இருக்கும். ஊதுபத்தி, கொசுவத்தி, சாம்பிராணிப் புகை, பெயிண்ட் வாசம் என்ற பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்களில் இருக்கும் லிமோனீன், காற்றில் உள்ள ஓசோனோடு சேர்ந்து ஃபார்மால்டிஹைடையும் நுண்துகள்களையும் உண்டாக்கும் என்பது வேதியியலில் தெரிந்த விஷயம். அந்த இருமல் எண்ணெயால்தான் என்று உங்கள் மகளைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. ஆனால் கருவி ஆறு மாதமாக ஓடுகிறது, இருமல் இரண்டு மாதமாக இருக்கிறது, அதற்கு வைத்தியமென்று அதே கருவியில் இன்னொரு எண்ணெயும் சேர்ந்திருக்கிறது. இரண்டு வாரம் எல்லா வாசனையையும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். இருமல் நிற்கவில்லை என்றாலோ, நடுவிலேயே இழுப்பு, மூச்சுவாங்கல் வந்தாலோ, குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ராத்திரி வறட்டு இருமல் பல குழந்தைகளுக்கு ஆஸ்துமாவின் முதல் முகம். அவர் இன்ஹேலர் எழுதிக்கொடுத்தால் பயப்படாதீர்கள். எண்ணெயை அறை முழுக்கத் தூவத் தயங்காத பெற்றோர்கள், அளவான மருந்து தரும் இன்ஹேலரைக் கண்டு நடுங்குவதை நான் வாராவாரம் பார்க்கிறேன்.

யூகலிப்டஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் வீட்டுப் பிள்ளைபோல ஆகிவிட்டது. ஊட்டிக்குப் போய் நீலகிரித் தைலம் வாங்காமல் திரும்பி வந்தவர்கள் உண்டா? எங்கள் வீட்டிலும் ஒரு பாட்டில் இருக்கிறது, எனக்கே தலைபாரம் வந்தால் கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு முகர்வேன். ஆனால் அந்தத் தைலம், கற்பூரம், மெந்தால் மூன்றையும் சின்னக் குழந்தைகளிடமிருந்து தள்ளி வையுங்கள். கைக்குழந்தையின் மூக்கருகே தடவினால், அந்த ஜில்லிப்பின் அதிர்ச்சியில் குரல்வளை இறுகி மூச்சு சில நொடிகள் நின்றுபோக வாய்ப்புண்டு. கடைகளில் கிடைக்கும் நெஞ்சில் தடவும் களிம்புகளின் அட்டையிலேயே இரண்டு வயதுக்குக் கீழ் வேண்டாம் என்று போட்டிருப்பார்கள். பொடி எழுத்து, யாரும் படிப்பதில்லை. குழந்தை கழுத்தில் கற்பூரத்தைத் துணியில் முடிந்து கட்டுவது, தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்து நெஞ்சில் தேய்ப்பது, குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுவது எல்லாம் பாட்டிமார்கள் அன்பில் செய்வதுதான். அன்பு இருக்கட்டும், கற்பூரமும் புகையும் வேண்டாம்.

கற்பூரமும் யூகலிப்டஸும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. விழுங்கினால் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தென்னிந்திய மருத்துவமனைகள் சில சேர்ந்து, பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் மருத்துவர்கள் தலைமையில் ஓர் ஆய்வு செய்து 2021-ல் வெளியிட்டார்கள். வலிப்போடு வந்த 350 பெரியவர்களிடம் விசாரித்ததில், 55 பேருக்கு வலிப்பு வந்ததற்கு இந்த எண்ணெய்களோடு தொடர்பு இருக்கலாம் என்று கண்டார்கள். தைலம் தடவியவர்கள், முகர்ந்தவர்கள் என்று எல்லா வகையிலும் ஆட்கள் இருந்தார்கள். தைலம் தேய்க்கும் எல்லோருக்கும் வலிப்பு வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. வீட்டில் யாருக்காவது வலிப்பு இருந்தால், எண்ணெய் விஷயத்தையும் அவர்களுடைய மருத்துவரிடம் சொல்லுங்கள். மருத்துவர்களும் கேட்க வேண்டும். நாங்கள் பெரும்பாலும் கேட்பதில்லை.

விழுங்கினால் விபரீதம் இன்னும் வேகமாக வரும். சின்னக் குழந்தைக்கு ஒரு டீஸ்பூன் யூகலிப்டஸ் எண்ணெய், அதாவது 5 மில்லி, உயிருக்கே ஆபத்தாகலாம். குடிக்கும்போது புரையேறி நுரையீரலுக்குள் போனால் அது தனி நிமோனியா. குழந்தை குடித்துவிட்டது என்று தெரிந்தால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது, உப்புத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். உங்களுக்கு லாவண்டர் பிடித்திருக்கிறது, தூக்கம் வருகிறது. விட்டுவிடச் சொல்ல எனக்கு மனசில்லை. படுக்கப்போகும் முன் ஒரு பஞ்சிலோ கைக்குட்டையிலோ ஒரு சொட்டு விட்டு, கூடத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் முகருங்கள். கண்ணை மூடி மெதுவாக மூச்சு இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக விடுங்கள். அந்த மெதுவான மூச்சுக்கே இதயத் துடிப்பைத் தணிக்கும் குணம் உண்டு. நல்ல பெயர் முழுவதையும் லாவண்டர் வாங்கிக்கொள்கிறது, வாங்கிக்கொள்ளட்டும். கைக்குட்டையை ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட்டுப் போய்ப் படுங்கள். தினமும் அதே நேரம், அதே வாசம் என்று பழகினால் மூக்கே தூங்கும் நேரத்தைச் சொல்லத் தொடங்கும். ஒரு பாட்டில் ஒரு வருடத்துக்கு வரும்.

அந்தக் கருவியை எப்போதாவது ஓட்டித்தான் ஆகவேண்டும் என்றால், மகள் வீட்டில் இல்லாத நேரம், ஜன்னல் திறந்து, கால் மணி நேரம். தொட்டியில் பழைய தண்ணீரைத் தேங்கவிடாதீர்கள். அமெரிக்காவில் 2021-ல் நாலு பேருக்கு மெலியோய்டோசிஸ் என்ற கடுமையான தொற்று வந்து, இரண்டு பேர் இறந்துபோனார்கள். தேடித் தேடிப் பார்த்ததில் காரணம், லாவண்டர் வாசனை ஸ்பிரே பாட்டில் ஒன்றில் இருந்த கிருமி என்று தெரிந்தது. அந்த ஸ்பிரே நம் நாட்டில் தயாரித்து அனுப்பியது. ஈரம் தேங்கும் இடத்தில் கிருமி வளரும், வாசனை இருந்தாலும் வளரும்.

பெப்பர்மிண்ட் எதற்கு உதவும்? டென்ஷன் தலைவலிக்கு, பத்து சதவீதமாகக் கரைத்த பெப்பர்மிண்ட் எண்ணெயை நெற்றியில் தடவுவது பலன் தருவதாக ஜெர்மனியில் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. அங்கே வேலை செய்தது தோலில் தடவியது, முகர்ந்தது இல்லை. குமட்டலுக்கும் முகரச் சொல்வார்கள். அதற்கு பெப்பர்மிண்டைவிட நல்ல சான்று உள்ள பொருள், ஊசி போடும் முன் தோலில் துடைக்கும் ஸ்பிரிட் பஞ்சு. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த அந்தப் பஞ்சை முகர்ந்தால் குமட்டல் தணிகிறது என்று அவசர சிகிச்சைப் பிரிவுகளில் முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். விலை ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் இருக்கும். அதை யாரும் அழகான பெட்டியில் போட்டு விற்க வராததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் மாமியார். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அவர் சொன்னதுதான். "எனக்கு ஒரு வாசமும் தெரியலையே கண்ணு." எண்ணெய் அவருக்குப் பலிக்கவில்லை என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது வேறு கேள்வியாகத் தெரிகிறது. பக்கத்து அறைவரை வீசும் லாவண்டர் ஒருவருக்குத் தெரியவே இல்லை என்றால், பார்க்க வேண்டியது அவருடைய மூக்கை.

நாளைக்குக் காலையில் ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். அவரைக் கண்ணை மூடச் சொல்லி, காப்பித்தூள், கிராம்பு, பெருங்காயம், எலுமிச்சைத் தோல் ஒவ்வொன்றாக மூக்கருகே காட்டுங்கள். அரை நிமிடம் இடைவெளி விடுங்கள். பெயர் சொல்லத் தெரியாவிட்டால் பரவாயில்லை, ஏதோ வாசம் வருகிறதா என்று கேளுங்கள். கொஞ்ச நாளாகச் சமையலில் உப்பும் காரமும் கூடியிருக்கிறதா, சாப்பாடு பிடிக்கவில்லை என்கிறாரா, பால் பொங்கி அடிப்பிடித்தது அவருக்குத் தெரியாமல் போனதா என்று யோசித்துப் பாருங்கள். நாக்குக்குத் தெரிவது உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு போன்ற சிலதான். ரசத்தை ரசமாக்குவது மூக்கு.

வயது ஏற ஏற முகரும் சக்தி குறைவது சகஜம். கொரோனா வந்துபோனதில் இழந்தவர்கள் உண்டு. மூக்கில் சதை வளர்ந்தோ, சைனஸ் தொல்லையாலோ அடைபட்டிருந்தால் சிகிச்சையில் திரும்பும். சில மாத்திரைகளாலும் மணம் தெரியாமல் போகும். பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய்கள் சிலருக்குக் கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே மணம் போவதில் தொடங்கும். இதைப் படித்துப் பதறாதீர்கள். மணம் குறைந்தவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்றும் இருப்பதில்லை. பார்த்துவிட்டால் கவலை தீரும் என்பதற்காகச் சொல்கிறேன். அதுவரை ஒரு எச்சரிக்கை: சமையல் கேஸுக்குச் சொந்தமாக வாசம் கிடையாது, கசிவு தெரிவதற்காக நாற்றமுள்ள பொருளைக் கலந்துதான் அனுப்புகிறார்கள். அந்த நாற்றம் தெரியாதவர் பகலில் தனியாக இருக்கும் வீடு உங்களுடையது. ரெகுலேட்டரை மூடிவிட்டு வேலைக்குக் கிளம்புங்கள், கசிவு தெரிந்தால் கத்தும் அலாரம் ஒன்றும் வாங்கி மாட்டுங்கள்.

இங்கேதான் உங்கள் பெட்டிக்கு உண்மையான வேலை வரலாம். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து மருத்துவர் தாமஸ் ஹும்மல் குழுவினர் 2009-ல் மணப் பயிற்சி என்று ஒன்றை எழுதினார்கள். ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நாலு மணங்களைக் காலையும் மாலையும், ஒவ்வொன்றையும் பத்து நொடி, பன்னிரண்டு வாரம் முகர வேண்டும். முகரும்போது மனசு அந்தப் பொருளை நினைக்க வேண்டும். முகரும் செல்கள் புதிதாக முளைக்கக்கூடியவை. பயிற்சி அவற்றைத் தட்டிக்கொடுக்கிறது. எல்லோருக்கும் முழுதாகத் திரும்பாது, ஆனால் பயிற்சி செய்தவர்களுக்குச் செய்யாதவர்களைவிட நன்றாகவே திரும்பியது. கொரோனாவுக்குப் பிறகு இதை உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறோம். இரண்டு எண்ணெய் உங்களிடமே இருக்கிறது, கிராம்பு அஞ்சறைப் பெட்டியில் இருக்கும், ரோஜாவுக்குப் பன்னீர் போதும். ஆனால் மூக்கைப் பரிசோதித்த பிறகு ஆரம்பியுங்கள்.

அவருடைய தூக்கம் எண்ணெயில் தீராது. துணையை இழந்து ஒரு வருடமாகத் தூக்கமில்லை, அதோடு சாப்பாட்டிலும் ருசி இல்லை என்றால், மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மணம் போனவர்களுக்கு அது வருவதும் அதிகம். பேச்சு குறைந்திருக்கிறதா, டிவி சீரியல்கூடப் பார்க்காமல் இருக்கிறாரா என்று கவனியுங்கள். கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார்; அதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, இதை மருத்துவராகச் சொல்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. 67 வருடம் ஈரோட்டுப் பக்கம் வாழ்ந்தவருக்கு லாவண்டரில் என்ன நினைவு இருக்கப்போகிறது? மாமனார் போன பிறகு அவர் பூ வைப்பதை நிறுத்தியிருக்கலாம். தலையில் வைப்பது அவர் விருப்பம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் அம்பது வருடம் தினமும் கூடவே இருந்த ஒரு வாசம் ஒரே நாளில் நின்றுபோயிருக்கிறது. மூக்கு கொஞ்சமாவது திரும்பினால், சாயங்காலம் ஒரு முழம் மல்லிகை வாங்கி அவர் கட்டில் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வையுங்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம், சும்மா வையுங்கள்.

அவரைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப் போகும்போது, தினமும் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். எப்போதிலிருந்து வாசம் தெரியவில்லை, அதற்கு முன் காய்ச்சலோ கீழே விழுந்து தலையில் அடியோ உண்டா என்று வீட்டிலேயே கேட்டு எழுதிவையுங்கள். மூக்குக்குள் மெல்லிய குழாய் விட்டுப் பார்ப்பார்கள், ஐந்து நிமிட வேலை, மரத்துப்போக ஸ்பிரே அடித்துத்தான் செய்வார்கள். அன்றைக்கு மட்டும் நீங்களும் எந்த எண்ணெயும் தடவாமல் போங்கள். அந்தச் சின்ன அறையில் எங்களுக்கும் மூக்கு இருக்கிறது.